முதலில் உள்ள இடமே கொள்ளப்படும்

கம்ப்யூட்டர் கணக்குப்படி நான் அந்தமானில் வசிக்கிறேன். கப்பல் ஏறியதில்லை. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனாலும் அந்தமான். பேரனுக்கு ஒரு புத்தகப் பை வாங்கலாமென்று கம்ப்யூட்டரில் முகவரியை அடித்துக்கொண்டே வந்தேன். ‘மாநிலம்’ என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் கீழே இறங்குமாம். எனக்கு அன்று ஒரே அலுப்பு. தொடவில்லை. தொடாதவனுக்குப் பட்டியலின் உச்சியில் எது நிற்கிறதோ அதுதான் ஊர். பை எங்கே போய்ச் சேர்ந்ததோ தெரியாது. (அங்கே ஏதோ ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் சரி.)

இதற்கு எனக்குக் கோபம் வரவேண்டும். வருவதில்லை. கம்ப்யூட்டர் காரைக்கால் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே, எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு டைப்ரைட்டரையும் ஸ்டென்சில் தாளையும் மட்டும் வைத்துக்கொண்டு இதே காரியத்தைச் செய்து முடித்தவன் நான். அதுவும் சொந்தத் தங்கையின் கல்யாணத்தில்.

அப்போது ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிகம்தான். ஆனால் நடையில் தற்காலிகம் தெரியாது. சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு கோப்பு. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட ‘எத்தனை பேருக்கு?’ என்று விவரம் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பேன். எங்கள் ஊருக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே காகிதத்தின் மேல் ஒரு பயம் கலந்த பக்தி உண்டு. எனக்குப் பயம் போய் பக்தி மட்டும் மிஞ்சியிருந்தது. அலுவலகத்துப் பெரிய எழுத்தர் அடிக்கடி சொல்லுவார்: “படிவத்துல வெத்தெடம் விடாதீங்க தம்பி. வெத்தெடம் இருந்தா மேலேருந்து கேள்வி வரும்.” அவர் என்னவோ வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு சும்மா சொல்லி வைத்ததுதான். நான் அதை மந்திரோபதேசமாக எடுத்துக்கொண்டேன்.

தங்கை வளர்மதிக்கு மாயவரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணமும் அங்கேயே. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அப்பாவும் அம்மாவும் பெண்ணை அழைத்துக்கொண்டு முதல் நாளே போய்விடுவது, உறவுக்காரர்களை மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவது என் பொறுப்பு என்று முடிவாயிற்று. “சும்மா கூட்டிக்கிட்டு வந்து சேத்துடு, அது போதும்” என்றார் அப்பா. எனக்குச் ‘சும்மா’ எதுவும் செய்ய வராது.

ராத்திரியும் பகலுமாக யோசித்து ஒரு சீட்டு தயாரித்தேன். பத்திரிகை கொடுக்கும்போது கூடவே கொடுப்பதற்கு. மேலே பெயர், நபர் எண்ணிக்கை. அதன் கீழே ‘பேருந்தில் ஏறும் இடம் (ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும்)’. அதற்கும் கீழே, அகர வரிசைப்படி, கிளிஞ்சல்மேடு, கோவில்பத்து, தருமபுரம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். கிளிஞ்சல்மேட்டில் எங்களுக்கு வேண்டியவர்கள் ஒரே ஒரு குடும்பம். என்னோடு வேலை பார்த்த கலியமூர்த்தி, அவன் அம்மா அஞ்சலை, இன்னும் இரண்டு பேர். மற்ற சனம் எல்லாம் கோவில்பத்தும் தருமபுரமும்தான். இருந்தாலும் அகர வரிசை அகர வரிசைதானே. ‘கி’ முதலில் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இடம் குறிப்பிடாதவர்களுக்கு முதலில் உள்ள இடமே கொள்ளப்படும்.’ அந்த வரியை டைப் அடித்து முடித்ததும் எழுந்து நின்று தூரத்திலிருந்து பார்த்தேன். (கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல.) அலுவலகத்துப் படிவம் எதிலும் இல்லாத கம்பீரம் அதில் இருந்தது.

பத்திரிகையை மஞ்சள் தடவிக் கொடுத்தேன், சீட்டையும் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வாங்கப் போனேன். கோவில்பத்தில் என் தாய்மாமன் இருந்தார். குடும்பத்தில் சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் அவரைக் கோவில்பத்து மாமா என்றுதான் சொல்வோம். சொந்தப் பெயர் அவருக்கே ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் நினைவு வரும். அலமாரியைத் திறந்து, பட்டு வேட்டி மடிப்புக்குள்ளிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

“இந்தா மாப்ள, ஒன் சீட்டு. ஒரு கசங்கல் இல்லாம வச்சிருக்கேன் பாரு.”

“கட்டத்துல டிக் அடிக்கலையே மாமா.”

“என்னத்த அடிக்கணும்?”

“எங்க ஏறுவீங்கன்னு.”

மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். “ஏண்டா, நான் எங்க இருக்கேன்னு ஒனக்குத் தெரியாதாடா? ஏய், இங்க வந்து பாரு, ஒன் நாத்தனார் மவன் நம்ம ஊரு எதுன்னு கேக்குறான்!” என்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தையும் வந்து சிரித்தார். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வெற்றுச் சீட்டோடு வந்தேன்.

வீடு வீடாக இதே கதைதான். ‘எங்க வீடு தெரியாதா?’, ‘நீ பாத்து எங்க வேணா போட்டுக்கப்பா’, ‘எங்கள எழுதிக் கொடுத்துட்டுத்தான் வரச் சொல்றியா?’ சித்தப்பா சீட்டின் பின்பக்கம் பால் கணக்கு எழுதியிருந்தார். கட்டத்தில் முறையாகக் குறி போட்டவர்கள் உறவில்லாத கொஞ்சம் பேர்தான்: கோவில்பத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீடு, தருமபுரத்தில் ஒரு தையல்காரர்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள். மாமா கோவில்பத்து என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பட்டியலில் கோவில்பத்து மாமா என்று என் கையாலேயே எழுதி, அதற்கு நேரே கிளிஞ்சல்மேடு என்றும் என் கையாலேயே எழுதினேன். அவர் குறிக்க வேண்டிய கட்டத்தில் நான் குறி போட்டால் அது திருத்தல் ஆகிவிடாதா? விதி இருக்கிறது, போட்டவனே மீறலாமா? குறிப்பிடாதவர்கள் கிளிஞ்சல்மேட்டுக்கு வந்துவிடுவார்கள், அதுதான் அடியில் தெளிவாகப் போட்டிருக்கிறதே என்று நம்பினேன். மனதார நம்பினேன். இன்றைக்கு நினைத்தால் அந்தப் பையனைக் கூப்பிட்டு அடிக்கக்கூடத் தெம்பு வரவில்லை. உட்காரச் சொல்லி ஒரு மோர் கொடுக்கலாம் போல இருக்கிறது.

பட்டியல்படி கிளிஞ்சல்மேட்டில் ஒரு பஸ் நிறைய ஆள். மற்ற இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரு கார் நிறையக்கூட இல்லை. எனவே ஸ்பெஷல் பஸ் கிளிஞ்சல்மேட்டுக்கு. அங்கிருந்து நேரே மாயவரம். வாத்தியாரையும் தையல்காரரையும் ஏற்றிக்கொள்ள, வாடகைக் கார் ஓட்டும் ஜமால் பாயின் அம்பாசடர். பாய் கையில் பட்டியலில் அந்த இரண்டு ஊருக்கான பகுதியை மட்டும் நகலெடுத்துக் கொடுத்து, “இதுல பேரு உள்ளவங்கள மட்டும் ஏத்துங்க பாய்” என்றேன். பாய் சொன்ன சொல் தவறாதவர். அதுவும் எனக்குக் கெட்ட நேரம்.

காலை ஆறு மணிக்குக் காலிப் பஸ்ஸோடு கிளிஞ்சல்மேட்டில் போய் இறங்கினேன். அதற்கு மேல் போக வழியில்லை, கடல்தான். கரையில் படகுகள் வந்திருந்தன, ஆட்கள் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். கலியமூர்த்தி குடும்பம் வெளுத்த சட்டையும் புதுப் புடவையுமாகத் தயாராக நின்றது. அஞ்சலையக்கா பஸ்ஸை முன்னேயும் பின்னேயும் பார்த்தார்.

“ஏந்தம்பி, எங்க நாலு பேருக்கா இத்தனாம் பெரிய பஸ்ஸு?”

“இல்லக்கா, இன்னும் வருவாங்க. எல்லாரும் இங்கதான் ஏறுறாங்க.”

“எல்லாரும்னா?”

“சொந்தக்காரங்க எல்லாரும்.”

மரியாதைக்குக் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. டிரைவர் ஒரு பீடி பற்றவைத்து, அதை முடித்து, இன்னொன்று பற்றவைத்தார். ஒரு நாய் படிக்கட்டில் ஏறி உள்ளே பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று. சாலை முனையில் யாருமே தென்படவில்லை.

“இப்ப யாருக்காகத் தம்பி காத்துக் கெடக்கோம்?” என்றார் அஞ்சலையக்கா கடைசியில்.

“மொதல்ல எங்க மாமா வரணும்க்கா.”

“எந்த மாமா? கோவில்பத்து ஐயாவா? அவரு வூட்டுக்கு நாந்தான் தெனம் மீன் குடுக்குறேன். அவரு கோவில்பத்த வுட்டுட்டு இங்க எதுக்கு வராரு?”

கோப்பைத் திறந்து மாமாவின் சீட்டை எடுத்தேன். ஒரு கசங்கல் இல்லாமல் இருந்தது. கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ‘நான் எங்க இருக்கேன்னு ஒனக்குத் தெரியாதாடா?’ என்ற சிரிப்பு அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது.

மற்றவர்களை விடுங்கள். மாமா இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் தாலி. பட்டம் மாமா கையில் இருந்தது. மாமா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தும் தெரியாமல் இருந்தது.

பாதி அழுகையோடு விஷயத்தைச் சொன்னேன். கலியமூர்த்தி சிரிப்பை அடக்கக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். அஞ்சலையக்கா சிரிக்கவில்லை.

“சரி, அழுவாத. போற வழியில ஐயாவ ஏத்திக்கலாம். ஆனா எவன் எவன் எங்க நிக்கிறானோ, எத்தன பேரு கோவிச்சுக்கிட்டு வூட்டுக்குப் போனானோ. காலிப் பஸ்ஸுல போயி எறங்குனா மாப்ள வூட்டுக்காரவங்க என்னா நெனப்பாங்க? பொண்ணுக்கு நாதி இல்லம்பாங்க.” சொல்லிவிட்டுக் கையை வாயருகே குவித்துக்கொண்டு, “அடியே, மாயவரத்துக்குக் கல்யாணத்துக்குப் போறோம், வர்றவளுவ சீக்கிரம் கட்டிக்கிட்டு வாங்கடி!” என்று ஒரு குரல் கொடுத்தார்.

தெருவே கிளம்பி வந்தது. தலையில் கனகாம்பரம், இடுப்பில் பிள்ளை. வலையைப் போட்டுவிட்டு ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். அந்த நேரத்திலும் என் புத்தி எங்கே போயிற்று என்றால், கைப்பையில் மீதியிருந்த சீட்டுகளை எடுத்து நீட்டினேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை பழக்கம். கலியமூர்த்தி பேனாவைப் பிடுங்கி, “எல்லாரும் கிளிஞ்சல்மேடுதானே?” என்று சடசடவென டிக் அடித்துத் தந்தான். நான் தயாரித்த படிவம் பிழையில்லாமல் பூர்த்தியானது அந்த ஒரு தடவைதான்.

கோவில்பத்தில் என் உறவு முழுவதும் சாலையோரம் பட்டுப் புடவையோடு நின்றது. அத்தை சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். மாமாவைக் காணோம்.

நடந்தது இது. முதலில் ஜமால் பாயின் கார் வந்திருக்கிறது. பஸ்ஸுக்கு முன்னால் தனக்குக் கார் அனுப்பியிருக்கிறான் மருமகன் என்று மாமா பெருமையோடு கதவைத் திறந்திருக்கிறார். பாய் பட்டியலைப் பார்த்து, “ஐயா, மன்னிச்சுக்கங்க. கோவில்பத்துல ஏறுறவங்கள்ல உங்க பேரு இல்லீங்களே” என்றிருக்கிறார். “பொண்ணுக்குத் தாய்மாமன்யா நான்!” “தெரியுதுங்க. ஆனா இதுல இல்லீங்களே.” வாத்தியார் குடும்பம் மாமாவைத் தாண்டி ஏறி உட்கார்ந்திருக்கிறது. கார் போய்விட்டது. ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது.

“போடா, நீயே போய்க் கூப்புடு. அவரு சட்டையக் கழட்டிட்டாரு” என்றார் அத்தை.

மாமா கோபத்தில் கத்தினால் பயமில்லை. தட்டை விசிறினாலும் பயமில்லை. சட்டையைக் கழற்றினால் பேச்சு முடிந்தது.

வீட்டுக்குள் ஈசிச்சேரில் வெற்று உடம்போடு சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வாங்க தம்பி. ஒக்காருங்க.”

பிறந்ததிலிருந்து என்னை ‘வாடா’ என்று சொன்ன வாய். எங்கள் பக்கத்தில் ‘ங்க’ போட்டால் மரியாதை. தாய்மாமன் மருமகனுக்குப் போட்டால் வீட்டைவிட்டு வெளியே போ என்று அர்த்தம்.

“மாமா, தப்பாயிடுச்சு மாமா. முகூர்த்தத்துக்கு நேரமாவுது.”

“தப்பு என்னங்க இருக்கு. லிஸ்ட்டுல பேரு இருக்குறவங்க போறாங்க. இல்லாதவன் வூட்டுல கெடக்குறான். என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேட்டேனே மாமா, சீட்டுல...”

“சீட்டு கேட்டுச்சு. நீ கேட்டியா?”

(‘நீ’ வந்துவிட்டது. கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் அதற்கு மேல் நகரவில்லை.) காலில் விழுந்தேன். அவர் காலை மடக்கி நாற்காலி மேலே வைத்துக்கொண்டார். கடிகாரம் எட்டைத் தாண்டியது. வளர்மதி மண்டபத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போது பின்னால் அஞ்சலையக்காவின் குரல் வந்தது. “என்னங்கய்யா, கல்யாணத்த வச்சுக்கிட்டுச் சட்டையக் கழட்டிப் போட்டு காத்து வாங்குறீங்க?”

“நீ எங்க இங்க? இன்னிக்கு மீனு வேணாம்னு சொன்னேனே.”

“மீனு விக்க வரல. நானும் கல்யாணத்துக்குத்தான் போறேன். எங்கள ஏத்திக்கப் பஸ்ஸு எங்க வாசலுக்கே வந்துச்சுல்ல.”

மாமாவின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. அக்கா நிறுத்தவில்லை.

“நீங்க வரலன்னா ஒண்ணும் கொறையில்ல. அந்தப் பட்டத்த மட்டும் குடுங்க. எங்க வூட்டுக்காரரு பஸ்ஸுலதான் குந்தியிருக்காரு, அவரு கட்டிடுவாரு. நாளைக்கு யாராச்சும் கேட்டா, கிளிஞ்சல்மேட்டு மாமன்தான் கட்டுனாருன்னு சொல்லிக்கிறோம். புள்ள வாழ்க்கதானே முக்கியம்?”

மாமா எழுந்தார். கொடியிலிருந்து சட்டையை உருவினார். ஒரு கையை நுழைத்தபடி என் முன்னால் வந்து நின்றார்.

“எட்றா அந்த லிஸ்ட்ட. எம்பேர எழுது. பக்கத்துல கோவில்பத்துன்னு எழுது. கிளிஞ்சல்மேட்ட அடி. நல்லா அழுத்தி அடி.”

எழுதினேன். அடித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த கையை நுழைத்தார்.

அதன்பிறகு பஸ் ஓடியது என்று சொல்லக்கூடாது, பிதுங்கிக்கொண்டு போயிற்று. இரண்டு பேர் இருக்கையில் கிளிஞ்சல்மேடு பாதி, கோவில்பத்து பாதி. மடிக்கு மடி பிள்ளைகள். “யாருடா இவங்கள்லாம்?” என்று என் உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டே வந்தார்கள். மாமா முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னார்: “லிஸ்ட்டுல பேரு உள்ளவங்க.”

மண்டபத்துக்குள் நுழைந்தபோது பத்தேகால். அய்யர் தாலியைத் தட்டில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார், அப்பா வாசலைப் பார்த்தார், அம்மா யாரையும் பார்க்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். வளர்மதி மட்டும் தலையை நிமிர்த்தி மாமாவைப் பார்த்தாள். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, மூச்சு வாங்க, சட்டைப் பொத்தான் ஏறுமாறாகக் கிடக்க, பட்டத்தைக் கட்டினார். அவசரத்தில் அது கொஞ்சம் கோணிவிட்டது. கல்யாண போட்டோவில் இன்றைக்கும் கோணித்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும் யாரும் ‘இது ஏன் கோணியிருக்கு?’ என்று கேட்பார்கள். வீட்டில் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்.

சம்பந்தி மெதுவாக மாமாவிடம், “பொண்ணு வீட்டுல கூட்டம் பலமா இருக்கே, இவங்க...” என்று இழுத்தார். மாமா நெஞ்சை நிமிர்த்தி, “எல்லாம் எங்க சனம். கடக்கரையில பாதி நம்மாளுங்கதான்” என்றார். அந்தச் சனம் முதல் பந்தியில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டது. நேரமில்லாமல் பஸ் போகாத தருமபுரத்தில் காத்திருந்து பார்த்து, டவுன் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்த சித்தப்பா வகையறாவுக்குக் கடைசிப் பந்தியில் ரசமும் மோரும் கிடைத்தன. சித்தப்பா என்னோடு பேசுவதற்கு அவர் வீட்டில் ஒரு கல்யாணம் வர வேண்டியிருந்தது. அந்தக் கல்யாணத்தில் எனக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பேச்சு. யாரையாவது காப்பியா டீயா என்று கேட்டு, அவர் வாயைத் திறக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால், “சரி, கிளிஞ்சல்மேடுன்னு போட்டுக்கறேன்” என்பார்கள். எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். சாப்பிட்டே ஆகவேண்டும். மாமா கண்ணை மூடும் வரைக்கும் என்னிடம் எந்தத் தாளையும் கொடுக்கமாட்டார். கரண்டு பில் கட்டவும் அடுத்த வீட்டுக்காரரைத்தான் அனுப்புவார்.

வளர்மதியின் மகள் கயல் வளர்ந்து, இந்தக் கம்ப்யூட்டர் படிவங்கள் செய்யும் வேலைக்கே போனாள். என் அந்தமான் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “பட்டியல்ல உச்சியில ஒரு ஊரு பேர வைக்கவே கூடாது மாமா. ‘தேர்ந்தெடுக்கவும்’னு ஒரு வெறும் வரிய வைக்கணும். அத மாத்தாம விட்டா படிவம் அந்த எடத்த விட்டு நகராது, திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே நிக்கும்” என்றாள். நான் தலையை ஆட்டினேன். திரும்பத் திரும்பக் கேட்பது. கோவில்பத்து மாமா ஈசிச்சேரில் உட்கார்ந்து கேட்டதும் அதைத்தான்.

கயலுக்குக் கல்யாணம் வந்தது. அதுவும் மாயவரத்தில்தான். அவளே ஒரு படிவம் செய்து எல்லார் செல்போனுக்கும் அனுப்பினாள். பஸ் ஏறும் இடத்துக்கு ஒரு பட்டியல். இப்போது தாய்மாமன் நான். பட்டம் என் கையில். இந்த முறை அலுப்புப் பார்க்காமல், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தக் கட்டத்தைத் தொட்டேன். பட்டியல் இறங்கியது. அதில் ஒரே ஓர் ஊர்தான் இருந்தது.

போன் பண்ணினேன். “எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?”

“உங்களுக்கு மட்டும் தனியா செஞ்சேன் மாமா” என்றாள். பின்னால் அவள் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

வாதாட எனக்குத் தெம்பில்லை. கல்யாணத்தன்று விடிந்ததும் பட்டு வேட்டியோடு ஓர் ஆட்டோ பிடித்துக் கிளிஞ்சல்மேட்டில் போய் நின்றேன். கடல் ஒருமுறை ஊருக்குள் வந்து போன பிறகு வீடுகளை உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார்கள். அஞ்சலையக்கா தடி ஊன்றிக்கொண்டு, தலையில் கனகாம்பரத்தோடு, எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்.

“வா தம்பி” என்றார். “இந்தத் தடவ சரியா எழுதிக் குடுத்தியா?”